பத்தடி தூரத்து எலி

வாயில் வைத்துப் பார்க்காத ஒன்றின் ருசியைப் பற்றி மனிதன் வாய் திறக்கக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு முப்பத்து மூன்று வயது வரை தெரியாமலே இருந்தது. தெரிய வந்த இடம், லண்டன் ஆர்ச்வேயில் ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுப் பின்வளவுத் தோட்டம். தெரிய வந்த நேரத்தில் என் நெற்றியில் திருநீறும் மூக்கு நிறைய சைடரும் இருந்தன.

சைடர் என்றால் அப்பிள் சாற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் மது. (எங்கள் ஊர்க் கள்ளுக்கு இங்கிலாந்தில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருந்தால், அவன் இவன்தான்.) இரண்டு வருடமாக நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். அதன் ருசியைப் பற்றி உலகத்துக்கே எழுதிக்கொண்டும் இருந்தேன். ஒரு சொட்டுக் குடித்தது கிடையாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் மனைவி வதனியும் விம்பிள்டனில் ஒரு பழைய வீட்டின் கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருந்தோம். வளவில் ஒரே ஒரு அப்பிள் மரம். செப்டெம்பர் பிறந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டும். கடித்தால் பல் கூசும் புளிப்பு. வதனி அதில் ஊறுகாய் போட்டாள், சம்பல் இடித்தாள், மாங்காய் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சொதியிலும் போட்டுப் பார்த்தாள். கடைசியில், "இனி உந்த மரத்திலை இருந்து ஒண்டும் வீட்டுக்குள்ளை வரப்படாது" என்று சட்டம் போட்டுவிட்டாள்.

அப்போது நான் குரோய்டனில் ஒரு அலுவலகத்தின் கொம்பியூட்டர் பகுதியில் வேலை பார்த்தேன். அவர்கள் கழித்துவிட்ட ஒரு பழைய பெட்டியும், அதை ரெலிபோன் வயரோடு இணைக்கும் சின்னக் கருவியும் என்னிடம் வந்து சேர்ந்திருந்தன. இணைக்கும்போது அது கோழியின் கழுத்தைத் திருகுவது போலக் கத்தும். வதனி போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்வாள். கூட வேலை செய்த ஒருவன் சொல்லித்தான் அந்தச் சைடர்க் குழுவைப் பற்றித் தெரிந்தது. ஒரு முகவரிக்கு நீங்கள் கடிதம் அனுப்பினால், அது குழுவில் உள்ள அறுபது எழுபது பேருக்கும் போய்ச் சேரும். யாருக்கு விடை தெரியுமோ அவர் எழுதுவார். எல்லோரும் வீட்டில் பொழுதுபோக்குக்குச் சைடர் செய்பவர்கள்.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதினேன். "என்னிடம் ஒரு மரம் இருக்கிறது. பழம் புளிக்கிறது. என்ன செய்யலாம்?" இவ்வளவுதான் கடிதம்.

மாலையில் வந்து பார்த்தால் பதினொரு பதில்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தேன். நான் மிகைப்படுத்திப் பேசுகிற ஆள்தான், இந்தக் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் இதில் மிகை இல்லை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் இருந்த என் தமையனுக்கு ஒரு கடிதம் போட்டால், அது கொழும்பில் ஆள் பிடித்து, கை மாறி, பதில் வர மூன்று மாதம் ஆகும். சில நேரம் வராது. இங்கே நியூசிலாந்தில் ஒருவர் படுக்கைக்குப் போகுமுன் என் மரத்தைப் பற்றி யோசித்திருக்கிறார். கனடாவில் ஒரு பெண், பழத்தை வெட்டினால் விதை என்ன நிறம் என்று கேட்டிருந்தாள். டெவனில் இருந்து ஒருவர் நான்கு பக்கம் எழுதி, கடைசியில் "நீ அதிர்ஷ்டசாலி" என்று முடித்திருந்தார். ஒருவராவது "தம்பி, நீர் எவ்விடம்? ஆற்றை மகன்?" என்று ஊரையும் தகப்பன் பெயரையும் விசாரிக்கவில்லை.

அதற்கு முன் இந்த நாட்டில் இங்கிலீஷில் என்னிடம் நீளமாகப் பேசிய ஒரே மனிதர், நான் வந்த புதிதில் குரோய்டனில் என் அகதி மனுவை விசாரித்த அதிகாரி. ஒரே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டார். அவரிடம் நான் சொன்னதெல்லாம் உண்மை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த ஒவ்வொரு தடவையும் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. இந்தச் சைடர்க்காரர்களோ, நான் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே நம்பினார்கள். அதனால்தானோ என்னவோ, அவர்களிடம் வாய்க்கு வந்தபடி அளக்கத் தொடங்கினேன்.

வதனி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"செய்யிறதெண்டால் செய்யுங்கோ. ஆனால் சாமி இருக்கிற வீடு. நீங்கள் குடிக்கப்படாது."

"நான் எப்ப குடிச்சனான்?"

"குடிக்காத ஆள் பிறகு ஏன் செய்யிறியள்?"

உண்மையான பதில், அந்தக் கடிதங்களுக்காக என்பது. அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? முன்பின் தெரியாத எழுபது பேர் என் சிநேகிதர்கள், அவர்களோடு பேச எனக்கு ஒரு சாட்டு வேண்டும் என்று சொன்னால், அவள் நேரே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

பழத்தை நறுக்கி, இடித்து, பிழிந்து, சாற்றை ஒரு பெரிய கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் அது தானாக மூச்சு விடத் தொடங்கியது. நான் ஒன்றுமே சேர்க்கவில்லை. குப்பியின் வாயில் செருகிய வளைந்த குழாயில் "குளுக்" என்று ஒரு குமிழி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. நான் இரசாயனம் படித்தவன், ஏன் நடக்கிறது என்று சமன்பாடு எழுதிக் காட்டுவேன். இருந்தாலும் அந்த இருட்டுக்குள் குந்தியிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று விழித்தெழுந்து வேலை பார்க்கிறது என்பது கும்பிடத் தோன்றும் விஷயம். (வதனி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "தோசை மாவும்தான் பொங்குது. அதுக்கு முன்னாலை ஒருநாளும் குந்தியிருக்கேல்லையே" என்றாள்.)

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன். குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. உதவி கேட்டவர், விளைவை எழுதித் தெரிவிக்க வேண்டும். எப்படி மணக்கிறது, நாக்கில் என்ன ருசி, விழுங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று வரி வரியாக. நான் குடிக்க முடியாது. ஆகவே ஒரு போத்தலை அடுத்த வீட்டு கென்னிடம் கொடுத்தேன். கென் பஸ் ஓட்டுபவர். அவரிடம் மொத்தம் இரண்டு அபிப்பிராயங்கள்தான் உண்டு. ஒன்று, "பரவாயில்லை." மற்றது, ஒன்றும் சொல்லாமல் போத்தலைத் திருப்பிக் கொடுப்பது. என் சைடருக்குப் "பரவாயில்லை" கிடைத்தது.

அந்த ஒரு சொல்லை நான் பன்னிரண்டு வரியாக்கினேன். மற்றவர்களின் பழைய கடிதங்களைத் துழாவி, இங்கே ஒரு "மழையில் நனைந்த புல்", அங்கே ஒரு "பழைய தோல் செருப்பு", நடுவில் "தயங்கித் தயங்கி வரும் இனிப்பு" என்று கோர்த்தேன். படித்துவிட்டு எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. குழுவில் பாராட்டு மழை. அடுத்த வருடம் மற்றவர்களின் சைடரைப் பற்றிக்கூட நான் கருத்துச் சொல்லத் தொடங்கிவிட்டேன், போத்தலைக் கண்ணால் காணாமலே.

பிறகு எலி வந்தது. சைடருக்கு வரும் நோய்களில் பொல்லாத ஒன்றுக்கு இவர்கள் எலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எலிப்புழுக்கை கிடந்த பெட்டியின் வாடை அடிக்கும். ஆனால் கள்ளத்தனமான நோய் அது. கிளாஸில் மணந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குடித்து, விழுங்கி, கொஞ்சம் பொறுத்த பிறகுதான் தொண்டைக்குள் இருந்து கிளம்பும். சில பேருக்குக் கடைசி வரை தெரியாது. இதைப் பற்றிக் குழுவில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "எலி இருந்தால் பத்தடி தூரத்திலேயே என் மூக்குக்குத் தெரிந்துவிடும்" என்று எழுதினேன்.

அப்படி ஒரு மூக்கு உலகத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். அப்படியும் அவர்கள் என்னைப் பொய்யன் என்று நினைக்கவில்லை. கிழக்கில் இருந்து ஒரு அதிசய மூக்கு வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். அதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த மூக்கைத் தேடித்தான் ரூத் கடிதம் எழுதினாள். ரூத் கென்ட் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தபால் கொடுப்பவள், என் வயதுதான் இருக்கும். முந்தைய பனிக்காலத்தில் சைக்கிளில் இருந்து விழுந்து தலை அடிபட்டு, மணம் பிடிக்கும் சக்தி அடியோடு போய்விட்டது. மணம் போனால் ருசியும் போன மாதிரித்தான். அவளிடம் இரண்டு பீப்பாய் சைடர் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவளுடைய தங்கைக்குக் கல்யாணம். வருகிறவர்களுக்கு அக்காவின் சைடர்தான் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. ஒரு பீப்பாயில் எலி பிடித்திருக்கலாம் என்று அவளுக்குச் சந்தேகம், ஆனால் எது என்று அவளுக்குத் தெரியாது. "என் கணவர் இரண்டுமே நன்றாக இருக்கிறது என்கிறார். அவர் என்னை வருத்தப்படுத்த மாட்டார். அந்தப் பத்தடி மூக்குக்காரர் சொன்னால் நான் நம்புவேன்" என்று எழுதியிருந்தாள்.

குழுவில் லண்டனுக்கு வந்து சேரக்கூடியவர்கள் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடுவார்கள். அந்த முறை ஆர்ச்வேயில், ஆலன் என்பவரின் வீட்டில். நான் அதுவரை ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிவந்தவன். ரூத்தின் கடிதத்துக்குப் பிறகு தப்ப வழியில்லை. வதனியிடம், "ஆர்ச்வே முருகனிட்டைப் போய்க் கனகாலம், ஒருக்காப் போவம்" என்றேன். அவள் சந்தோஷமாக அரக்குச் சேலை உடுத்தாள். பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்புப் போடும்போதுதான் மெதுவாக, "உதிலைதான் ஒரு சிநேகிதற்றை வீடு" என்று இழுத்தேன்.

"உந்தச் சைடர் ஆக்களோ?"

"ஓம்."

"நீங்கள் குடிக்கமாட்டியள்தானே?"

"மணந்துதான் பாக்கப் போறன்." அதைச் சொன்னபோது நான் அதை உண்மையாகவே நம்பினேன்.

ஆலனின் பின்வளவில் பதினான்கு பதினைந்து பேர் நின்றார்கள். நாங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றது. நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு, கையில் அர்ச்சனைத் தட்டோடு நான். பக்கத்தில் பட்டுச் சேலையில் வதனி. ஒரு சைடரை மணந்து பார்க்க ஒரு மனிதன் இவ்வளவு ஆயத்தத்தோடு வருவான் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. தாடி வைத்த ஒருவர் வாயில் இருந்த பைப்பை எடுத்துவிட்டார். தட்டை ஒரு நாற்காலியில் வைத்தேன். எழுத்தில் மட்டும் தெரிந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். டெவன்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன் மரம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். மனிதர் என் மரத்தைச் சுகம் விசாரித்தார். எனக்குக் கண் கலங்கியது.

ரூத் இரண்டு பெரிய போத்தல்களில் மாதிரி கொண்டுவந்திருந்தாள். ஒன்று, இரண்டு என்று காகிதம் ஒட்டியிருந்தது. அந்தக் குழுவின் வழக்கப்படி, பரீட்சை பார்க்கும் சைடரை இரண்டு கைபிடி வைத்த ஒரு பெரிய பீங்கான் கோப்பையில் ஊற்றுவார்கள். வட்டமாக நின்று, கை மாற்றி, எல்லோரும் அதே கோப்பையில் ஒவ்வொரு வாய் குடிப்பார்கள். விருந்தாளிக்கு முதல் மரியாதை. ஆலன் முதலாம் போத்தலைக் கோப்பையில் ஊற்றி என் கையில் தந்தார்.

நான் மணந்து பார்த்தேன். அப்பிள் மணந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் இன்னொரு முறை மணந்தேன். அப்போதும் அப்பிள்தான் மணந்தது. பிறகு ரூத்தைப் பார்த்தேன். கையில் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல நின்றாள். குடிக்காமல் தப்ப முடியாது என்று விளங்கிவிட்டது. திரும்பி வதனியைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

இந்த இடத்தில்தான் என் வளர்ப்பு என் காலை வாரியது. பதினைந்து பேர் குடிக்கப் போகும் கோப்பை. அதில் எப்படி வாயை வைப்பது? எச்சில் படாதா? என்னைச் சின்ன வயதில் இருந்து அண்ணாந்து குடிக்கத்தான் பழக்கினார்கள். உதட்டில் பட்டால் செம்பைத் திரும்பக் கழுவ வேண்டும். ஆகவே நல்ல குடும்பத்துப் பிள்ளையாகக் கோப்பையை இரண்டு கையாலும் நெற்றிக்கு மேலே உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து ஊற்றினேன்.

செம்பு வேறு, கோப்பை வேறு. செம்பில் நூலாக ஒழுகும். அகன்ற வாய்க் கோப்பையில் அது அணை உடைத்த மாதிரி வந்தது. போதாததற்கு ரூத்தின் சைடர் நிறைய வாயு ஏறியது. பாதி தொண்டைக்குள் போய் அங்கேயே நுரைத்துப் பொங்கியது. மீதி மூக்குக்குள் போனது. திருநீறும் சந்தனமும் கரைந்து கண்ணுக்குள் இறங்கின. நான் மூச்சு முட்டி ஒரு தும்மல் போட்டேன். முழுச் சைடரும் ஒரு பெரிய விசிறியாகப் பறந்து, ஆலனின் ரோஜாச் செடி, தாடிக்காரரின் தாடி, வதனியின் அரக்குச் சேலை என்று பாரபட்சம் இல்லாமல் தெளித்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர்கள் முகத்தில் இருந்தது பரவசம்.

"காற்றைக் கலக்கிறார்" என்று டெவன்காரர் பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "மூக்கின் பின்பக்கத்துக்கு நேரே அனுப்புகிறார்."

ஆலன் கோப்பையை வாங்கி மறுபடி நிரப்பி, பயபக்தியோடு தலைக்கு மேலே உயர்த்தினார். அவருக்கும் அதே கதி. அடுத்து தாடிக்காரர். அடுத்து டெவன்காரர். மற்றவர்கள் பொறுமை இழந்து சொந்தக் கிளாஸ்களை உயர்த்தத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்க்க, ஒரு டசின் வளர்ந்த வெள்ளைக்காரர்கள் தண்ணீர் குடிக்கும் கோழிகள் மாதிரி வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பிறகு ஐந்து நிமிடம் ஒரே இருமல்.

இருமல் அடங்கியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரூத் பென்சிலைக் கொப்பியில் ஊன்றினாள்.

எனக்கு மூக்கு எரிந்ததைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. "எலி இல்லை" என்றேன். "அருமையான சைடர். இதையே கல்யாணத்துக்கு வையுங்கள்."

ஆலன் நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்து முகத்தைக் கொஞ்சம் சுளித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொன்ன பிறகு அவருடைய நாக்குக்கு என்ன மதிப்பு என்று நினைத்தாரோ என்னவோ, கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். ரூத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்போதே தங்கைக்குச் சொல்கிறேன். அவள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை" என்று ரெலிபோன் எடுக்க வீட்டுக்குள் போனாள்.

அப்போதுதான் என் பின்னால் வதனியின் குரல் கேட்டது. அவள் புறங்கையில் பட்டதை மற்றக் கையால் தேய்த்துத் துடைத்து, சேலையில் வாடை ஒட்டுமோ என்று பார்க்க அந்தக் கையை மணந்திருக்கிறாள்.

"என்னப்பா இது, எலி நாத்தம் நாறுது?"

"சும்மா இரும்" என்றேன்.

"சும்மா இருக்கிறதோ? எங்கடை அரிசி மூட்டையை எலி கடிச்ச நேரம் இதே நாத்தம்தான். உங்களுக்குத் தெரியேல்லையோ?"

ஆலன் ஆவலாகக் கிட்ட வந்தார். "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?"

"சேலை கறைபட்டுவிடும் என்கிறாள்" என்றேன். பழக்க தோஷம். பொய் தானாக வந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரூத் எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள். நூறு பேர் வருகிற கல்யாண வீடு. அக்காவின் கையால் செய்தது என்று சொல்லிச் சொல்லி ஊற்றுவார்கள். எல்லோரும் குடித்துவிட்டு, மரியாதைக்குச் சிரித்து, கிளாஸைப் பூச்சட்டிக்குப் பின்னால் வைப்பார்கள். அவளுக்கு அது தெரியவும் தெரியாது. ஒருவரும் சொல்ல மாட்டார்கள், அவளும் மணந்து அறிய மாட்டாள். அவள் என்னை நம்பினாள். இந்த நாட்டில் என்னைக் கேள்வி கேட்காமல் நம்பியவர்களில் ஒருத்தி.

நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளி, "ரூத், போனை வையுங்கள்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நான் பொய் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் வாழ்க்கையில் குடித்த முதல் மது இதுதான். அதிலும் பாதி உங்கள் ரோஜாவில்." (ரோஜா ஆலனுடையது. பதற்றத்தில் உரிமையாளரை மாற்றிவிட்டேன்.)

வளவில் நின்றவர்கள் கதவடிக்கு வந்தார்கள்.

"அந்த நனைந்த புல்?" என்று டெவன்காரர் கேட்டார்.

"உங்கள் கடிதத்தில் இருந்து எடுத்தது."

"தோல் செருப்பு?"

"அது கனடாப் பெண்ணுடையது. என் சைடரைக் குடித்தவர் கென். அவர் சொன்னது 'பரவாயில்லை' மட்டும்தான்."

ரூத் ரெலிபோனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "பத்தடி?" என்றாள்.

"அதுவும் பொய்."

அவள் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கொப்பியில் எழுதியதை மெதுவாக அடித்துவிட்டு, "அப்படியானால் நான் யாரிடம் கேட்பது?" என்றாள். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. நான் வதனியைக் கை காட்டினேன். அவள் சொன்னதை, ஒரு சொல்லும் கூட்டாமல், மொழிபெயர்த்தேன். கையில் தேய்த்து மணந்தாள் என்று சொன்னதும் ஆலன் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

தோலில் தேய்த்தால் அந்த வாடை வெளியே வந்துவிடும், பழைய கைகாரர்கள் எலியைப் பிடிக்கும் வழி அதுதான் என்று அவர் சொன்னார். அத்தனை பேருக்கும் அது தெரியும். அதிசய மூக்கு வந்துவிட்டதே என்று அன்று ஒருவரும் செய்து பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் அவசரமாகக் கையில் ஊற்றித் தேய்த்து மணந்தார்கள். ஒவ்வொரு முகமாகச் சுருங்கியது. "எலிதான்" என்றார் தாடிக்காரர்.

இரண்டாம் போத்தலை ரூத் நேரே வதனியிடம் கொண்டுபோனாள். வதனி புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, விரலால் வட்டமாகத் தேய்த்து, கண்ணை மூடி மணந்தாள். தமிழ்க் கடையில் நெய் வாங்கும்போது அவள் எப்போதும் செய்வதுதான். கடைக்காரர் பல்லைக் கடிப்பார், நான் வெட்கப்பட்டு வெளியே நிற்பேன். அன்று பதினைந்து பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"இது நல்லது" என்றாள். "பழஞ்சோத்துத் தண்ணி மாதிரி, சுத்தமான புளிப்பு. ஒரு குறையும் இல்லை."

மொழிபெயர்த்தேன். ரூத் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வதனி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு அவளுடைய முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். ஆளாளுக்குத் தங்கள் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வதனி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு தோட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்து மணந்தாள். "இது இன்னும் ஒரு மாசம் கிடக்கட்டும்." "இது வினாகிரியாப் போச்சு, ஊறுகாய்க்கு ஆகும்." டெவன்காரரிடம், "போத்திலை வடிவாக் கழுவேல்லை, சவுக்கார மணம் வருது" என்றாள். அவர் முகம் சிவந்து ஒத்துக்கொண்டார். ஒரு துளி அவள் நாக்கில் படவில்லை. அவளோடு எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். அப்பிள் விதையின் நிறத்தைக் கூடக் கவனித்தவன், இதைக் கவனிக்கவில்லை. அன்று அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

என்னைக் குழுவில் இருந்து விலக்குவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கடிதங்கள் வழக்கம் போல வந்தன. ஒரே ஒரு மாற்றம். எல்லாம் "அன்புள்ள வதனி" என்று தொடங்கின. அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். இடையில் என் சரக்கை ஒரு வரி சேர்த்தாலும் அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். இரண்டாம் பீப்பாய் மாலைக்குள் காலி. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வதனியின் கையைக் குலுக்கினார்கள். ஒரு மூலையில் ஆலனும் தாடிக்காரரும் மணப்பெண்ணின் சித்தப்பாவுக்கு அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிழையான முறை என்று தெரிந்த பிறகும் அவர்களுக்கு அதை விட மனமில்லை.

திரும்பி வரும் ரயிலில் வதனி செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். பிறகு கேட்டாள்.

"இஞ்சை பாருங்கோ, கோபமில்லாமல் கேக்கிறன். உது உண்மையிலை என்ன ருசி?"

நான் யோசித்துப் பார்த்தேன். இனிமேல் பொய் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தேன்.

"தெரியாதப்பா" என்றேன். "எனக்கு மூக்காலைதான் போனது."

அவள் விம்பிள்டன் வரும் வரை சிரித்தாள். எதிரில் இருந்தவர்கள் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள்.

இது நடந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் மகளைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்திருந்தது. பேச்சு வாக்கில், லண்டனிலேயே நல்ல தோசை எங்கே கிடைக்கும் என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். நான் ஒரு கடையின் பெயரைச் சொல்லி, அதன் சாம்பாரின் பதம், சம்பலின் காரம், தோசையின் ஓரத்து முறுகல் என்று கால்மணி நேரம் விளக்கினேன். மனிதர் சொக்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர்த் தட்டோடு வந்த மகள், தட்டை வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்.

"அப்பா, வாயாலையோ, மூக்காலையோ?"

வந்தவர்கள் ஒன்றும் விளங்காமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். வதனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூக்காலைதான்" என்றேன்.